யார் தம்பி இந்த சிசரோ?

கல்யாண மண்டபங்களுக்கும் பல் ஆஸ்பத்திரிகளுக்கும் வெப்சைட் செய்துகொண்டிருந்தவரை எனக்குக் கழுத்து வலி கிடையாது. மண்டபத்துக்காரர் சொல்வது நாலே விஷயம்: எத்தனை பேர் உட்காரலாம், ஏசி உண்டா, வாடகை, போன் நம்பர். படைப்பாளிகளுக்கும் செய்து தருவேன் என்று என்றைக்கு வாயை விட்டேனோ, அன்றைக்குப் பிடித்தது.

முதலில் வந்தவர் ஒரு கவிஞர். "பத்திரிகை மாதிரி இருக்கணும் தம்பி. புரட்டுற மாதிரியே தோணணும்." மேலே பெரிய படம், கீழே கட்டம் கட்டமாகத் தலைப்புகள் என்று பிடித்துக்கொண்டேன். கவிதை, சிறுகதை, கட்டுரை, நேர்காணல், மொழிபெயர்ப்பு, நூல் மதிப்புரை, எதிர்வினை என ஏழு பகுதி. மேட்டர் கேட்டேன். "டிசைன் வரட்டும், அதைப் பார்த்தாத்தான் எழுத வரும்."

மேட்டர் வராத இடத்தை எங்கள் தொழிலில் லோரெம் இப்சம் போட்டு நிரப்புவோம். கி.மு. 45இல் சிசரோ லத்தீனில் எழுதிய தத்துவ நூலிலிருந்து பிய்த்து, அர்த்தம் வராதபடி கலைத்த வரிகள். முகப்பைப் பார்த்த கவிஞரின் முகம் சுண்டிவிட்டது.

"இது யாரோடது?"

"சிசரோன்னு ஒருத்தர் சார்."

"யார் தம்பி இந்த சிசரோ? எந்த குரூப்பு?"

செத்து 2,000 வருஷத்துக்கு மேலாச்சு என்றேன்.

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

டெம்ப்ளேட் என்பது ஆங்கிலத்தின் உடம்புக்குத் தைத்த சட்டை. நம் ஆளுக்குப் போட்டால் பட்டன் தெறிக்கும். 'பின்நவீனத்துவவாதிகள்' என்ற ஒற்றைச் சொல், தன் கட்டத்தில் இடம் போதாமல் பக்கத்துச் சிறுகதையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கிவிட்டால், அந்தக் காலப் பத்திரிகைபோல முதலெழுத்து மூன்று வரி உயரத்துக்கு நிற்க வேண்டுமாம். மாதிரிக்கென்று அவர் தந்த ஒரே கவிதையின் முதல் சொல் 'கொற்றவை'. நமக்குத்தான் 'கொ' ஓர் எழுத்து. யூனிகோடில் அது 'க'வும் ஓர் உயிர்க்குறியும். பிரவுசர் 'க'வை மட்டும் பூதாகரமாக்கிவிட்டு, கொம்பையும் காலையும் ஒரு புள்ளிவட்டத்தின் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"படிமம் பிரமாதம் தம்பி. கை வெச்சுடாதீங்க."

இடையில் ஒரு போட்டோகிராபரும் வந்தார். 24 மெகாபிக்சல் படங்கள். ஒரு பிக்சல்கூடக் குறைக்க விடமாட்டார். பேருந்தில் உட்கார்ந்து போனில் திறந்தேன். தாம்பரத்தில் நெற்றி வந்தது. மூக்கு இறங்குவதற்குள் செங்கல்பட்டு.

கவிஞரின் ஏழு பகுதிகளில் இன்றுவரை நிரம்பியிருப்பது எதிர்வினை ஒன்றுதான். மற்ற ஆறையும் சிசரோ பார்த்துக்கொள்கிறார். மீதிப் பணம் கேட்டபோது, ஆட்டோவில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது: அவருடைய தொகுப்பு, 40 பிரதி.

மானிட்டருக்கு அடியில் ஐந்தை அடுக்கினேன். திரை கண்ணுக்கு நேராக வந்தது. ஒரே வாரத்தில் கழுத்து வலி போயிற்று.

"தொகுப்பு எப்படி தம்பி இருக்கு?" என்று போனில் கேட்டார்.

"உயரம் சார்" என்றேன்.

நெகிழ்ந்துபோய், மறுநாள் இன்னொரு பெட்டி அனுப்பினார்.