ஐயா, நான் யாரென்றால்…

காட்டாங்குளத்தூரில் காலை எட்டரை மணிக்கு எல்லார் கழுத்திலும் ஒரு பட்டை தொங்கும். மஹிந்திரா சிட்டிக்குக் கம்பெனி பஸ் பிடிப்பவர், கிண்டிக்குப் போக மின்சார ரயிலுக்கு ஓடுபவர், பொத்தேரிப் பக்கம் நடக்கும் எஸ்.ஆர்.எம். பிள்ளைகள் என்று ஊரே அடையாள அட்டையோடுதான் கிளம்பும். பதினோரு மணிக்கு லுங்கியோடு மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற நம்மவர் கழுத்து மட்டும் காலியாக இருக்கும். அவர் ஃப்ரீலான்சர். ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்கும் கிண்டியில் ஒரு கம்பெனிக்கும் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார். இதை ஒருநாள் வாட்ச்மேனுக்கு விளக்கிப் பார்த்தார். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கவலப்படாதீங்க சார், சீக்கிரம் வேல கெடைச்சிடும்" என்றார். கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் மாமனார் குரலைத் தாழ்த்தி, "மாப்ள இப்போதைக்கு வீட்டுலதான் இருக்காரு" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தால் முதலில் கை நடுங்கும். நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் வெளியே சொல்ல முடியாத ஒரு பூரிப்பு எட்டிப் பார்க்கும். இவர் சம்பாதிக்கிறார் என்று எழுத்து மூலம் நம்பிய முதல் ஆள் வணிக வரித் துறைதானே!

அவர் ஜி.எஸ்.டி. பதிவு வாங்கியதே தனிக்கதை. சேவை செய்கிறவருக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளிநாட்டுப் பணத்துக்குத்தான் வரி கிடையாதே என்று நம்மவர் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தார். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான், ஆனால் 20 லட்சத்தை எண்ணும்போது அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள் என்று ஆடிட்டர் சொன்ன இரவு அவருக்குத் தூக்கம் போயிற்று. அடுத்து, குடியிருக்கும் வாடகை வீட்டையே தொழில் நடக்கும் இடமாகக் காட்ட வேண்டும்; ஆட்சேபணை இல்லை என்று ஹவுஸ் ஓனர் எழுதித் தர வேண்டும். "இங்க கம்பெனியா நடத்துறீங்க தம்பி? ஈ.பி.காரன் கமர்ஷியல்னு போட்டுட்டா யாரு கட்டுறது?" என்று ஓனர் பதறினார். வாடகை ஏறிய பிறகுதான் கையெழுத்து இறங்கியது. எண் வந்தது. தமிழ்நாட்டுக்குரிய 33-இல் தொடங்கி, நடுவில் பான் எண்ணை வைத்து, எழுத்தும் இலக்கமுமாகப் 15 இடம். அதைப் பெயர்ப்பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. இந்த விதியை இவ்வளவு ஆசையாகக் கடைப்பிடித்தவர் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வேறு யாரும் இருக்க மாட்டார். பித்தளையில் பொறித்துக் கதவில் மாட்டினார். கூரியர் பையன்கள் டாக்டர் வீடு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள்.

நோட்டீஸ் என்றால் தபால்காரர் வருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஜி.எஸ்.டி. தளத்தில் 'கூடுதல் நோட்டீஸ்களும் ஆணைகளும்' என்றொரு மூலை இருக்கிறது. அங்கே போட்டுவிட்டால் சட்டப்படி கையில் கொடுத்ததாகக் கணக்கு. அந்த மூலையைத் திறந்தே பார்க்காமல் இருந்து, வரி, வட்டி, அபராதம் எல்லாம் ஏறிய பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடிய வியாபாரிகள் ஏராளம். சர்ச்சைக்குரிய வரியில் பத்து சதவீதத்தைக் கட்டு, மறுபடி விசாரிக்கச் சொல்கிறோம் என்று நீதிபதிகள் திருப்பியனுப்பிய ஆணைகள் வரிசையாக உண்டு. நம்மவருக்கு அந்த ஆபத்தே கிடையாது. வேறு யாரும் அவருக்குக் கடிதம் போடுவதில்லை; ஆகவே தினமும் அந்த மூலையைப் போய்ப் பார்ப்பார்.

வந்தது ஏ.எஸ்.எம்.டி.-10. தாக்கல் செய்த கணக்கில் ஏதோ இடிக்கிறது, முப்பது நாளுக்குள் விளக்கம் சொல்லுங்கள் என்கிற படிவம். வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும் வரவுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கில் காட்டிய வரவுக்கும் இடையே ஒன்றேகால் லட்சம் துண்டு விழுகிறதாம். 18 சதவீதம் போட்டால் 22,500 ரூபாய்.

எந்த அப்பார்ட்மென்ட்டிலும் வரித் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருப்பார். நம்மவர் அங்கே போனார். பெரியவர், மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்ததிலிருந்து ஆரம்பித்தார். 1959 சட்டத்துக்கு வரும்போது காபி வந்தது. 2007-இல் வாட் வந்தபோது காபி ஆறியிருந்தது. 2017 ஜூலைக்கு வந்து சேர்வதற்குள் கரண்ட் போய்விட்டது. "எங்க காலத்துல பேரேட்டத் தூக்கிட்டு நேர்ல வருவான் தம்பி. மூஞ்சியப் பாத்தே கணக்கு சரியா இல்லையான்னு சொல்லிடுவோம்" என்று முடித்தார். நம்மவர் ஏக்கத்தோடு வீடு திரும்பினார். முகத்தைப் பார்த்துக் கணக்குக் கேட்ட காலம்!

அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தார். தமிழ்நாட்டில் அதிகாரிக்குக் கடிதம் எழுத நமக்குத் தெரிந்த ஒரே நடை, பள்ளிக்கூட லீவ் லெட்டர் நடை. உயர்திரு ஐயா, பணிவான வணக்கம் என்று தொடங்கியது, மூன்றாம் பக்கத்தில் அவர் பழைய கம்பெனியை ஏன் விட்டார் என்பதற்கு வந்தது. மேனேஜரின் குணம் ஒன்றரைப் பக்கம். ஜெர்மன்காரர்கள் சொன்ன தேதியில் பணம் போடுவார்கள் என்பது ஒரு பத்தி. கிண்டிக்காரர்கள் போடமாட்டார்கள் என்பது நாலு பத்தி. வாட்ச்மேன்கூட ஓரிடத்தில் வந்துபோனார். பதினொரு பக்கம் முடிந்தபோது முதல் ரயில் போய்விட்டிருந்தது. ஒன்றேகால் லட்சத்தைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

தாம்பரத்து ஆடிட்டர் நிதானமானவர். பதினொரு பக்கத்தையும் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், வித்தியாசம் ஏன்னு கேட்டிருக்காங்க. நீங்க யாருன்னு கேக்கலை."

"இல்ல சார், பின்னணி தெரிஞ்சாத்தானே அவங்களுக்கு…"

"பின்னணி தெரிஞ்சா அடுத்த வருஷக் கணக்கையும் எடுப்பாங்க. அந்த மேனேஜர் பத்தி எழுதியிருக்கீங்களே, அதுக்கு ஜி.எஸ்.டி. உண்டான்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

விஷயம் உண்மையில் இரண்டு வரிதான். கிண்டிக் கம்பெனி மார்ச் 31-ஆம் தேதியே இவருக்குச் சேர வேண்டியதைச் செலவாக எழுதி டி.டி.எஸ். பிடித்துவிட்டது; இவர் பில் போட்டது ஏப்ரலில். அதே பணம் வருமான வரித் தளத்தில் போன வருஷத்திலும் ஜி.எஸ்.டி. கணக்கில் இந்த வருஷத்திலும் உட்கார்ந்திருந்தது. வரி கட்டியாயிற்று, வருஷம்தான் மாறிவிட்டது. நாட்டில் பாதி ஃப்ரீலான்சர்களை உலுக்கும் மர்மம் இந்த மார்ச்-ஏப்ரல் இடைவெளிதான் என்பது என் எண்ணம். ஆடிட்டர் பதில் படிவமான ஏ.எஸ்.எம்.டி.-11-இல் நாலு வரி எழுதினார். பில்லையும், வரி கட்டிய மாதத்தின் 3பி கணக்கையும் இணைத்தார்.

நம்மவருக்கு மனசு ஆறவில்லை. "அந்தக் கடிதத்தை ஒரு இணைப்பா வச்சா என்ன சார்?" என்று கேட்டார். ஆடிட்டர் பதிலே சொல்லவில்லை. ஃபீஸை மட்டும் சொன்னார்.

சில வாரம் கழித்து ஏ.எஸ்.எம்.டி.-12 வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, மேல்நடவடிக்கை இல்லை. மனைவி கோயிலுக்குத் தேங்காய் வாங்கினார். நம்மவர் முகம் மட்டும் விழுந்துவிட்டது. மாநில வரி அலுவலர் நேரில் கூப்பிடுவார், ஜெர்மனி பற்றிக் கேட்பார் என்று சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தாரே!

ஆனாலும் நோட்டீஸ் வீண்போகவில்லை. மாமனார் இப்போது கல்யாணங்களில் குரலை உயர்த்தி, "மாப்ளைக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸே வந்துச்சுன்னா பாத்துக்குங்க" என்கிறார். நம்மவரும் மற்றவர் கணக்குகளை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கூடுவாஞ்சேரி மச்சானிடம், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எழுதித் தரும் எல்.யு.டி. உறுதிமொழியைப் புதுப்பித்தாயா என்கிறார். 2025 ஜூலையில் கர்நாடகத்துச் சிறு கடைக்காரர்களுக்கு யு.பி.ஐ. வரவை வைத்து நோட்டீஸ் போய், அங்கே 'ரொக்கம் மட்டும்' அட்டைகள் முளைத்த செய்தியை டீக்கடையில் உரக்க வாசித்தவரும் அவர்தான். வாசித்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஓடும், 20 லட்சம் வருமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அதிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டை இவர் கடக்கும்போதே டீ மாஸ்டர் க்யூ.ஆர். அட்டையை எடுத்துப் பன் டப்பாவுக்குப் பின்னால் சொருகிவிடுகிறார்.