சாமி கட்டிய கூலி வேஷம்

போன வருஷம் கண்டியில் எங்கள் மஹய்யாவ லயத்துக்கு வெளிநாட்டு மிஷன் குழு ஒன்று வந்தது. பத்து நாள் பயணம், ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். கிதார் வாசித்தார்கள், சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், போய்விட்டார்கள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் அப்பாயி.

அவளுக்கு மிஷன் பயணம் என்றால் ஜோசப் வாஸ் சாமிதான். 1686இல் கோவாவை விட்டுக் கிளம்பியவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

சாமியின் பயண ஏற்பாடு படுமோசம். இலங்கைக் கரையெல்லாம் ஒல்லாந்தர் கையில். கத்தோலிக்கக் குருவானவர் என்று தெரிந்தால் தொலைந்தார். ஆகவே கொங்கணிப் பிராமண வம்சத்துப் பிள்ளை கூலி வேஷம் கட்டி, 1687இல் தூத்துக்குடியில் கப்பலேறினார். புயலில் அலைக்கழிந்து மன்னாரில் ஒதுங்கி, யாழ்ப்பாணம் சேர்ந்ததும் ஊழியத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. புண்ணியவதி ஒருத்தி ஊற்றிய கஞ்சியில் பிழைத்தார். பிறகு ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை. மாலையைப் பார்த்துக் கண் கலங்கினால் நம்ம ஆள். "போ, போ" என்றால் அடுத்த வீடு.

1692இல் கண்டி. வரவேற்பு பிரமாதம்! அரசவையில் இருந்த லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர், "இவன் போர்த்துக்கீச ஒற்றன்" என்று போட்டுக்கொடுக்க, நேரே காவல். லனரோலும் கிறிஸ்தவர்தான், ஆனால் புரொட்டஸ்டன்ட். பங்காளியை விட்டால் இந்த வேலையை வேறு யார் செய்வார்? சாமி அசரவில்லை. காவலில் இருந்தபடியே சிங்களம் படித்தார். காசில்லாத டியூஷன்.

அப்புறம் மழை பொய்த்தது. இரண்டாம் விமலதர்மசூரிய ராஜா சாமிக்கு ஆள் அனுப்பினார். ஊர் நடுவே பலிபீடமும் சிலுவையும் வைத்துச் சாமி முழங்காலிட, கொட்டோ கொட்டென்று கொட்டியதாம். சாமி மட்டும் நனையவில்லையாம். இந்த இடத்தில் அப்பாயி கதையை நிறுத்தி, காய்ந்துகிடக்கும் எங்கள் பொதுக்குழாயை ஒரு பார்வை பார்ப்பாள்.

1697இல் அம்மை நோய் பரவியபோது ராஜாவே ஊரை விட்டு ஓடினார். சாமியும் உறவுக்காரரான கர்வாலோ சாமியும் தங்கி, கைவிடப்பட்டவர்களைக் கழுவி, ஊட்டி, செத்தவர்களைப் புதைத்தார்கள். இங்கே என் நக்கல் வாயை மூடிக்கொள்கிறது.

எனக்கு உறைப்பது அந்த வேஷம்தான். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்து எங்கள் ஆட்களும் தமிழ்நாட்டிலிருந்து அதே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அவர்களுக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. கஞ்சி ஊற்றத்தான் ஆளில்லை. கோப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் போக, சிலர் கண்டித் தெருக்களைக் கூட்டினார்கள். சாமி வேஷத்தைக் கலைத்துவிட்டார். எங்கள் ஆட்களுக்கு அது உத்தியோகமாகிவிட்டது.

2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் சாமியைப் புனிதராக்கினார். அன்றைக்கே மடு மாதா கோயிலுக்கும் போனார். கண்டிப் பக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் காட்டுவதற்குக் கல்லறை இல்லை. 1711 ஜனவரி 16இல் சாமி இங்கேதான் கண்ணை மூடினார். புதைத்த இடம் தொலைந்துபோயிற்று.

"நம்ம மஹய்யாவ மயானத்துல தேடச் சொல்லு" என்றாள் அப்பாயி.

"அந்தக் காலத்துல இங்க ஏது மயானம், அப்பாயி?"

"கூலின்னு சொல்லித்தானே வந்தாரு? கூலிய எங்க புதைச்சாங்கன்னு எவன் எழுதி வச்சான்?"