அல்கா சௌக்கும் சோப்புத் தண்ணீரும்: ஓர் ஆய்வு

புனேயின் அல்கா டாக்கீஸ் சௌக்கில் லட்சுமி ரோடு, திலக் ரோடு, கும்டேகர் ரோடு, சாஸ்திரி ரோடு, லக்டி புல் பாலம் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. மாலையில் அங்கே ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டவர் முன்னால் நிற்கும் ரிக்‌ஷாக்காரரைத் திட்டுவார். அது வீண். அந்தச் சந்திப்பே சோப்புக் குமிழியின் சட்டத்துக்கு விரோதமானது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

சட்டத்தைக் கண்டவர் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாத்தோ. பார்வையை இழந்த பிறகும் கெண்ட் நகரில் சோப்பும் கிளிசரினும் கலந்த நீரில் கம்பிச் சட்டங்களை முக்கி எடுக்கச் சொல்லி, பிறர் கண்டு சொன்னதைக் கேட்டே ஆராய்ந்தார். நூல் இரண்டு தொகுதிகளாக 1873இல் வந்தது. சோப்புச் சவ்வுகள் ஒரு கோட்டில் கூடினால் மூன்றே கூடும், இடைக்கோணம் 120 பாகை. நான்காவதற்கு அனுமதி இல்லை. ஏன் என்பதைக் கணிதமாக நிரூபிக்க ஜீன் டெய்லர் 1976இல் வர வேண்டியிருந்தது. எல்லாச் சவ்வும் ஒரே பலத்தோடு இழுக்கிறது, பரப்பைக் குறைப்பதே அதன் ஒரே வேலை. கஞ்சத்தனத்தில் அதை மிஞ்ச ஆளில்லை.

இனி சோதனை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே, சதுரத்தின் நான்கு மூலைகளில் ஆணிகள். சோப்புத் தண்ணீரில் முக்கி மெல்லத் தூக்கினால், ஒரு கணம் பெருக்கல் குறி தெரிந்தாலும் நிலைக்காது. நடு முடிச்சு துள்ளி இரண்டாகப் பிரிந்து, இரு மும்முனைச் சந்திப்புகளாக நிற்கும். தகடுகளின் இடைவெளி மாறாததால், பரப்பைக் குறைப்பது இங்கே நீளத்தைக் குறைப்பதுதான். பக்கம் 1 கிலோமீட்டர் என்றால் குறுக்குச் சாலைகளின் மொத்த நீளம் 2.83 கி.மீ.; சோப்பு போடும் சாலை 2.73. ஒப்பந்ததாரர்களுக்கு இது பிடிக்காது.

ஒழுங்கான ஐங்கோணத்தில் ஐந்து ஆணிகள் அடித்தால் மூன்று சந்திப்புகள் வரும். ஆகவே அல்கா சௌக்கையும் மூன்றாகப் பிரிக்கலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. மூன்று சிக்னல்கள், மூன்று போக்குவரத்துக் காவலர்கள்: நீளத்தில் மிச்சம், சம்பளத்தில் செலவு.

சோப்பையும் முழுக்க நம்ப முடியாது. சற்றே நீளமான செவ்வகத்தில் அது சில சமயம் நீளம் கூடிய வழியிலேயே திருப்தியாக உட்கார்ந்துவிடும். லேசாக ஊதினால்தான் குறுக்கு வழிக்குத் தாவும். தவிர, சவ்வுகள் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வருவதில்லை. வரும் ஸ்கூட்டர்களுக்கான சமன்பாடு பிளாத்தோவின் இரண்டு தொகுதிகளிலும் இல்லை.