ராணி அழுதாள், ஊர் பிழைத்தது

நகைக்கல் என்றால் ஒரு கெத்து இருக்க வேண்டும். வைரம் கண்ணாடியைக் கீறும். கெம்பிலும் நீலத்திலும் லேசில் கீறல் விழாது. ஜெட் இந்த வம்சத்தில் சேராது. முதலில் அது கல்லே இல்லை, 18 கோடி வருஷத்துப் பழைய விறகு. அடுப்பில் போட்டால் இன்றைக்கும் எரியும், நிலக்கரி வாசனையோடு.

இதற்குப் பேர்போன இடம் இங்கிலாந்தில் யார்க்‌ஷையர் கடலோரத்து விட்பி. நம்மூர் பங்களா வாசல்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று அடுக்கடுக்காக வளர்க்கிறார்களே அரௌகாரியா, அதன் பழைய உறவுக்கார மரங்கள் டைனோசர் காலத்தில் கடலுக்கு அடித்துக்கொண்டு போயின. ஊறி, மூழ்கி, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் புதைந்தன. ஆக்சிஜன் இருந்திருந்தால் மக்கியிருக்கும், இந்தக் கதையும் இல்லை. திருவக்கரைக் கல்மரத்தில் மரம் போய் அதன் இடத்தில் சிலிக்கா உட்கார்ந்துவிட்டது. ஜெட்டில் மரத்தின் கரி அப்படியே நசுங்கிக் கிடக்கிறது. அதனால் கனம் கிடையாது, தொட்டால் சில்லென்றும் இருக்காது. கையில் வாங்கியவுடன் பிளாஸ்டிக் என்று சந்தேகம் வரும்.

இப்படிப்பட்ட சரக்கை விற்க ஒரே வழி, வாங்குகிறவரைப் பயமுறுத்துவதுதான். அதில் யாரும் குறை வைக்கவில்லை.

ரோமாபுரியின் பிளினியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜெட்டைக் கொளுத்தினால் பாம்பு ஓடும், யாருக்கு வலிப்பு என்று தெரியும், யார் கன்னி இல்லை என்றுகூடத் தெரியும் என்று எழுதி வைத்தார். ஒயினில் போட்டுக் காய்ச்சினால் பல்வலிக்கும் மருந்தாம். தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும், எண்ணெய் விட்டால் அணைந்துவிடும் என்பது உச்சம். ஒரு தீக்கங்கும் ஒரு கரண்டி எண்ணெயும் இருந்தால் சோதித்திருக்கலாம். கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது கிட்டே போய் உயிரை விட்ட மனிதர் அவர். எரிமலையை நேரில் போய்ப் பார்த்தவருக்கு இந்தக் கரியை ஒருமுறை கொளுத்திப் பார்க்க நேரமில்லை.

ரோமானியர்கள் யார்க் நகரில் ஜெட் பட்டறையே வைத்திருந்தார்கள். பதக்கத்தில் என்ன செதுக்கினார்கள்? தலைமுடியெல்லாம் பாம்பான மெதுசாவை! பாம்பை விரட்டும் பொருளில் பாம்புத்தலைக்காரி. விளம்பரத்துறைக்கு அன்றைக்கே நல்ல ஆள் இருந்திருக்கிறார்.

731-ல் பீட் என்ற துறவி தன் வரலாற்றில் பிரிட்டனின் பெருமைகளை அடுக்கும்போது, ஜெட்டைக் கொளுத்தினால் பாம்பு ஓடும் என்பதை மறக்காமல் சேர்த்தார். தேய்த்தால் ஆம்பர் மாதிரி பொருள்களை இழுக்கும் என்றும் எழுதினார். அது மட்டும் உண்மை, நிலைமின்சாரம். விட்பி மடத்தை 657-ல் நிறுவிய புனித ஹில்டா ஊர்ப் பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டதாக ஒரு கதை உண்டு. ஆதாரம் கேட்டால் கடற்கரையில் கிடக்கும் அம்மோனைட் புதைபடிவத்தைக் காட்டுவார்கள். சுருண்ட பாம்பு மாதிரி இருக்கும், தலைதான் கிடையாது. அதனால் என்ன, வியாபாரிகளே தலையைச் செதுக்கி ஒட்டி விற்றார்கள். ஒரே ஊரில் பாம்பு ஒழிப்புக்கு ஒரு புனிதை, ஒரு விறகு. பாம்புகளுக்கு வேறு ஊர் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஸ்பெயின்காரர்கள் பாம்பை விட்டுக் கண் திருஷ்டியைப் பிடித்தார்கள். விரல் மடக்கிய கையை ஜெட்டில் செதுக்கிக் குழந்தைகளுக்குக் கட்டினார்கள். சாந்தியாகோவுக்குப் பாதயாத்திரை போன பக்தர்களின் தலையிலும் அதைக் கட்டினார்கள், விலை சொல்லி.

ஆனால் நல்ல காலம் வந்தது 1861 டிசம்பர் 14-ல். விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அன்று இறந்தார். இருவருக்கும் 42 வயது. அதன்பின் ராணி கிட்டத்தட்ட 40 வருஷம் கறுப்பைக் கழற்றவில்லை. அரண்மனைப் பெண்கள் பளபளக்கும் நகையை மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. துக்கத்துக்கு ஏற்ற கறுப்பு நகை என்றால் ஜெட். ராணியம்மா போட்டதை ஊரும் போட்டது. நம்மூரில் புருஷன் போனால் கழுத்தில் காதில் இருப்பதைக் கழற்றுவார்கள். அங்கே போனபிறகுதான் கடைக்குப் போனார்கள். லண்டன் ரீஜென்ட் தெருவில் துக்க உடைக்கென்றே 1841-லிருந்து ஜேஸ் என்ற பெரிய கடை இருந்தது. விதவை ஒருத்தி இரண்டு வருஷமாவது துக்கம் காட்ட வேண்டும். முதல் வருஷம் நகையும் மங்கலாக இருக்க வேண்டும். பாக்கெட் காலியானால் தனியாக அழுதுகொள்ளலாம்.

இங்கேதான் கனமில்லாத குறை வரமாயிற்று. குடை மாதிரி விரிந்த பாவாடைக்குச் சின்னக் கம்மல் எடுபடாது. உள்ளங்கை அகல ப்ரூச்சைக் குத்தினாலும் ஜெட் துணியைக் கிழிக்காது. 1800 வாக்கில் ஒரு கப்பல் கேப்டன் கடைசல் இயந்திரத்தைக் காட்டிக்கொடுக்கும்வரை கத்தியும் அரமுமாகக் கிடந்த தொழில், 1870-களில் சுமார் 1,500 பேருக்குச் சோறு போட்டது. ஆட்களைக் கயிற்றில் கட்டிச் செங்குத்துப் பாறையில் இறக்கி ஜெட்டைத் தோண்டினார்கள். ஒரு கணவரின் சாவில் ஒரு ஊரே எழுந்து உட்கார்ந்தது. ஆல்பர்ட்டுக்கு விட்பியில் கோயில் கட்டாதது நன்றிகெட்ட வேலை.

தேவை ஏறியதும் போலி வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பிரெஞ்சு ஜெட் என்று பெயர் வைத்தார்கள். கையில் எடுத்தால் சில்லென்று இருந்து காட்டிக்கொடுத்துவிடும். வல்கனைட் என்ற கெட்டி ரப்பர் வெயில் பட்டால் பழுப்பாகும், துக்கம் பாதியில் சாயம் போன கதையாக. ஸ்பெயினிலிருந்து இறக்கிய மட்டச் சரக்கு வெடித்து நொறுங்கி விட்பியின் பெயரையும் கெடுத்தது. அதற்குமேல் எத்தனை வருஷம்தான் ஒரு தேசம் கறுப்பிலேயே உட்கார்ந்திருக்கும்? 1880-களிலேயே பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

தொழிலை மறுபடி பிழைக்க வைத்தவரும் ஒரு பிணம்தான். பிராம் ஸ்டோக்கர் 1890-ல் விட்பிக்கு வந்து தங்கினார். 1897-ல் வந்த நாவலில் டிராகுலா இங்கிலாந்தில் கரையேறுவது விட்பியில்தான். விளைவு, கறுப்பு உடுத்து முகத்தை வெளுத்துக்கொள்ளும் கோத் கூட்டம் 1994 முதல் அங்கே திருவிழா நடத்துகிறது. ரத்தக்காட்டேரி வேஷத்தில் வந்து, பேய் பிசாசை விரட்டும் என்று இடைக்காலத்தில் நம்பப்பட்ட ஜெட்டைப் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள்.