ஒரு மில்லிமீற்றர்தானே!

கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் மணிக்கூட்டைத் திருப்பித் தந்தபோது அதில் ஸ்பிரிங் செயின் பூட்டியிருந்தது. கேட்டுக் கேள்வி இல்லை. "பாருங்க சேர், எந்தக் கைக்கும் வரும்" என்று இரண்டு கையாலும் இழுத்து வேறு காட்டினார். கொடுத்தது செயின் பின்னை மாற்ற மட்டுந்தான். இது போன கிழமை. மணிக்கூட்டின் சொந்தக்காரருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

சொந்தக்காரர் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர். பெயர் வேண்டாம். இதை எழுதுகிறவருக்கு மிகவும் நெருக்கமானவர். இருவருக்கும் ஒரே மூக்குக்கண்ணாடிதான். அப்பா விட்டுப்போன மணிக்கூட்டுக்கு, அது பிறந்த காலத்துக்குப் பொருந்துகிற செயினைத்தான் போடுவேன் என்று நிற்கிறார். ஏன் என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சமையற்குறிப்புக்குப் போகலாம்.

மணிக்கூடு சீக்கோ 5. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் பின்மூடிதான் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். தொடரிலக்கத்தின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். செப்டெம்பர் வரைக்கும் எண், பிறகு நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி' என்று எழுத்து. இதில் இருப்பது 1, அடுத்து 'என்'. உள்ளே ஓடுவது 6119 என்ற இயந்திரம். அது அறுபதுகளின் கடைசியில் வந்தது, எண்பதுகளுக்கு எட்டவில்லை. ஆக 1971 நவம்பர். அப்போது நாட்டின் பெயரே சிலோன். 1972 மே 22இல் பெயர் மாறியது, மணிக்கூடு மாறவில்லை.

செயின் மாறிவிட்டது. அதுதான் பிரச்சினை. அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்தபோது மணிக்கூடு ஒரு பிளாஸ்ரிக் வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி எறிந்தாயிற்று. பிறகு ஆதாரம் தேடினார். இருக்கிற படங்களில் அப்பா முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார், அல்லது கையைப் பின்னால் கட்டியிருக்கிறார். ஒரு படத்தில் மணிக்கட்டு நன்றாகத் தெரிகிறது. அது வலது மணிக்கட்டு. மற்ற ஆல்பங்கள் 1983 ஜூலையோடு போய்விட்டன. வெள்ளவத்தையில் அந்தக் கிழமை எரிந்த வீடுகளில் என்னென்ன இருந்தன என்று கணக்கெடுத்து முடியாது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அறுபதுகளின் ஒமேகா செயினென்றால் பூட்டின் உள்ளே "2 68" என்று அடித்திருக்கும்: 1968, இரண்டாம் காலாண்டு. ஜெனீவாவில் 1835இல் தொடங்கிய கே ஃப்ரேர் நிறுவனம் அரிசிமணிகளைக் கோத்ததுபோல் செய்த செயினைப் பற்றி அவர்கள் இரவிரவாகச் சண்டை பிடிப்பார்கள். சீக்கோவுக்கும் வம்சாவளி உண்டு. ஹொங்கொங்கில் 1963இல் தொடங்கிய ஸ்டீலக்ஸ் அதற்குச் செயின் செய்து கொடுத்தது; பூட்டைத் திறந்தால் பெயர் தெரியும். வெள்ளவத்தைக்காரருக்கு வேண்டியது அப்படி ஒன்று. அகலம் 19 மில்லிமீற்றர்.

காலி வீதிக் கடைகளில் 18 உண்டு, 20 உண்டு, 22 வேண்டிய மட்டும் உண்டு. 19 என்று வாயைத் திறந்தால் கடைப் பொடியன் மரியாதையோடு சிரிக்கிறான். "பதினெட்டைப் போடுங்கோ அங்கிள். ஒரு மில்லிமீற்றர்தானே, ஒண்டும் செய்யாது." செய்யும். இரண்டு பக்கமும் அரை அரை மில்லிமீற்றர் இடைவெளி. கையை ஆட்டும்போதெல்லாம் செயின் இடமும் வலமும் போய் முட்டும். தூங்குகிற வீட்டில் அந்தச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும் என்கிறார். வீட்டுக்காரி கேட்கவில்லை என்கிறார்.

ஒரு மில்லிமீற்றரில் அப்படி என்ன? அதற்கு அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும். 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்த நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. வடக்கில் புலிகளின் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஆட்கள் "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டுத்தான் சந்திக்க ஒத்துக்கொண்டார்கள். அப்பா கொழும்பில் இருந்துகொண்டே பழைய நேரத்தை வைத்திருந்தார். பஸ்ஸுக்கும் வங்கிக்கும் மனதுக்குள் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்வார். அரை மணித்தியாலம்தானே, மாற்றினால் என்ன என்று அம்மா கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. 2006 ஏப்ரலில் அரசாங்கம் அவர் வழிக்கு வந்தது. அப்படிப்பட்டவரின் பிள்ளையிடம் போய் ஒரு மில்லிமீற்றர்தானே என்கிறார்கள்.

புறக்கோட்டையில் வேறு கதை. கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் ஒரு நானா 20 மில்லிமீற்றர் செயினை எடுத்து, அராவிப் போட்டுத் தருகிறேன் என்றார். மணிக்கூட்டின் முகத்துக்கும் புதுப் பெயின்ற் அடிக்கலாமாம், நீலமோ செம்மஞ்சளோ விருப்பம்போல். பம்பாயில் அடித்து உலகமெல்லாம் விற்கிற அந்த வேலையைப் பார்த்திருக்கிறீர்கள். பழைய சீக்கோக்கள் கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் நிறத்தில் பல்லிளிக்கும். செட்டியார் தெருப் பத்தர் ஒருவர் வெள்ளியில் புதிதாகவே செய்து தரலாம் என்றார். கூலியைச் சொன்னார். சொந்தக்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

எல்லோருடைய கடைசி வார்த்தையும் ஒன்றுதான்: ஸ்பிரிங் செயின்.

ஸ்பிரிங் செயினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் 'ஃபிக்ஸோஃப்ளெக்ஸ்' என்று ஒன்று செய்தார்கள். அமெரிக்காவில் ஸ்பைடல் கம்பனி 1959இல் 'ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ்' என்று கொண்டுவந்து, விளம்பரத்தில் அதை முறுக்கி முடிச்சுப் போட்டுக் காட்டியது. நல்ல விளம்பரம். ஆனால் முடிச்சில் ரோமம் முளைப்பதில்லை, கையில் முளைக்கிறது. செயின் விரியும்போது வாயைத் திறக்கும், சுருங்கும்போது மூடும், மூடும்போது அகப்பட்டதைப் பிடித்துக்கொள்ளும். கட்டும்போது இரண்டு ரோமம், கழற்றும்போது மூன்று. எங்கள் மாமாமாரின் இடது மணிக்கட்டைச் சுற்றி வழுக்கையாய் ஒரு வளையம் இருக்கும்; மணிக்கூட்டை விற்ற பிறகும் இருக்கும். 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி மேல் கம்பியைப் பிடித்தால் மணிக்கூடு முழங்கை வரைக்கும் போய், அங்கேயும் நாலு பிடுங்கும். நேரம் பார்க்க வேண்டுமென்றால் சட்டைக் கையை மடிக்க வேண்டும். கொழும்பின் வியர்வைக்கு அந்தச் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளுக்கு நடுவே அழுக்கு இறுகி, செயின் ஒரு நாள் விரிய மறுக்கும், அல்லது விரிந்தது விரிந்தபடியே நிற்கும். சின்னப் பிள்ளைகள் கையில் அகப்பட்டால் எவ்வளவு தூரம் வரும் என்று இழுத்துப் பார்க்காமல் விடுவதில்லை. அறுந்தால் உள்ளே எத்தனை தகடு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியும். திரும்பக் கோக்க மனிதனால் முடியாது. சவரக் கடையில் காசு கொடுத்துச் செய்விக்கிற வேலையை இந்தச் சாமான் வருடக் கணக்காக இலவசமாகச் செய்தது, அதை ஆட்கள் பொன்முலாம் பூசி வேறு கட்டினார்கள். போதும். சொல்ல வந்தது 19 மில்லிமீற்றரைப் பற்றி.

இந்த நிலையில்தான் ஸ்காபரோவிலிருந்து மாமி தொலைபேசியில் வந்தார். அப்பாவின் தங்கை. எண்பது கடந்தும் ஒருவரையும் விட்டுவைக்காத ஞாபகசக்தி. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னடா கதைக்கிறாய்? கொப்பர் ஸ்பிரிங் செயின்தானே கட்டினவர். உனக்கு முந்தின கதை. அந்த நேரம் ஆரிட்ட சரியான செயின் இருந்தது? கிடைச்சதைக் கட்டினவை."

மாமி சொன்னதில் சரித்திரம் உண்டு. 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கத்தில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பாணுக்கே வரிசையில் நிற்கிற நாட்டில் மணிக்கூட்டுக்கு முறைப்படி செயின் வரவழைக்க யாருக்கு முடிந்தது? சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மணிக்கூட்டைக் கொண்டுவந்தார். செயின் அறுந்தால் சித்தப்பா மறுபடி கப்பல் ஏற மாட்டார். 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்த பிறகுதான் புறக்கோட்டை நிரம்பியது, மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கையில் சீக்கோவோடு திரும்பினார்கள். அதற்கு முந்திய கொழும்பில் மணிக்கூடு பெரும்பாலும் பொருந்தாத செயினில்தான் ஓடியது. அப்படிப் பார்த்தால் கொட்டாஞ்சேனைக்காரர் பூட்டியதுதான் காலத்துக்குப் பொருத்தமானது என்று யாராவது வாதாடலாம்.

வெள்ளவத்தைக்காரர் வாதாடவில்லை. மாமிக்கு வேறு யாரோ நினைவில் வந்திருக்கிறார்கள் என்கிறார். பின் மாற்றியதற்கான காசை மட்டும் கொடுத்துவிட்டு, ஸ்பிரிங் செயினைக் கழற்றிக் கடை மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கழற்றும்போது அது இரண்டு ரோமத்தை எடுத்துக்கொண்டது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். வீட்டில் பழைய பிஸ்கட் ரின்னுக்குள், ஊசி நூலுக்கும் செல்லாத சாவிகளுக்கும் அடியில், எழுபதுகளின் செயின் ஏதாவது கிடந்தால் பூட்டைத் திறந்து பாருங்கள். ஸ்டீலக்ஸ் என்றிருந்தால் அளவுகோலை எடுத்து அகலத்தை அளந்து, இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். நியாயமான விலை கொடுக்கப்படும். 18 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.