கோமாரி லைட் பில் ஏடு: சொக்லேட் பாண் குறித்த ஒரு பாடபேத ஆராய்ச்சி

சொக்லேட் பாண் கேக்கா, பாணா என்ற வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. துண்டு போட்டு விருந்தாளிக்கு நீட்டினால் கேக். விருந்தாளி போனபின் தேத்தண்ணியில் தோய்த்தால் பாண். இவ்வளவு சுலபமாக விடை கிடைக்கும் வினாக்களால் ஆய்வுலகத்துக்கு ஒரு பயனும் இல்லை.

நாம் ஆராயப்போவது ஓர் ஏடு. நீளம் ஒரு சாண், அகலம் நாலு விரல். எழுதப்பட்ட பொருள் லைட் பில், எழுதப்பட்ட பக்கம் பின்பக்கம், மை நீலம். வீட்டிலேயே பியர் ஊற்றிச் சொக்லேட் பாண் சுடும் முறை அதில் உள்ளது. ஏடு கோமாரியில் ஒரு குசினியில், தேயிலைப் பேணிக்கு அடியில் பாதுகாக்கப்பட்டிருந்தது (நேரில் கண்டது). பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் ஏ4 வீதியில், பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கடந்துபோய்விடும் ஊர் கோமாரி. அப்பெயரின் வேர் எதுவென்ற ஆராய்ச்சிக்குள் நாம் இறங்கவில்லை. அதற்கென்று அறிஞர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் கடலில் இறங்கினால் ஒரு கண்டத்தோடுதான் கரையேறுவார்கள்.

ஏட்டின் காலத்தை எழுத்தமைதி, மையின் மங்கல், மடிப்பின் தேய்வு ஆகியவற்றைக் கொண்டு நெடுநாள் கணித்தோம். முன்பக்கத்தில் திகதி அச்சாகியிருக்கிறது. ஆயினும் பின்பக்க ஆய்வாளர் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது மரபன்று.

ஏடு வந்த வழி தெளிவானது. அறுகம்பையில் அலைச்சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரி, தங்கியிருந்த இடத்துச் சமையற்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். சமையற்காரர் பொத்துவிலில் தன் ராத்தாவுக்குச் சொன்னார். ராத்தா கையில் கிடைத்த தாளில் எழுதினார். தாள் பிறகு ஒரு தொதல் பார்சலோடு கோமாரிக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரிக்கு முந்திய மரபு நைஜெல்லா லோசன் 2004இல் வெளியிட்ட ‘ஃபீஸ்ட்’ நூலிலுள்ள கின்னஸ் சொக்லேட் கேக்கோடு உறவுடையதாகலாம். ஆகாமலும் இருக்கலாம். இந்த இரண்டு வாக்கியங்களைக் கொண்டு முதுமாணிப் பட்டம் வாங்கியோரை நாம் அறிவோம்.

இனி ஏட்டின் உள்ளடக்கம். முதல் வரி, கோதுமை மா மூன்று கப். இதில் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாவது, சீனி, உண்டு. மூன்றாவது, கொக்கோ அரைக் கப். மாத்தளைப் பக்கம் விளைவது, கடையில் பேணியில் கிடைப்பது, மேலே செல்வோம். நான்காவது, பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி. ஐந்தாவது வரியில்தான் தமிழ்ப் பதிப்புலகம் இதுவரை சந்திக்காத நெருக்கடி வருகிறது. அவ்வரி பின்வருமாறு:

ஒரு போத்தல் [கறை] பியர்.

கறைக்குள் ஒரு சொல் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் எது? இவ்வினாவில் ஆய்வாளர்கள் இரு கட்சியாகப் பிரிந்துள்ளனர். கறைக்கு அடியில் ஒன்றுமில்லை, கறை வெற்றுத் தாளிலேயே விழுந்தது, ஆகவே பாடம் ‘ஒரு போத்தல் பியர்’ என்போர் வெறும்பியர்க் கட்சி. அங்கே ‘ஜிஞ்சர்’ என்ற சொல் மறைந்திருக்கிறது என்போர் இஞ்சிக் கட்சி.

வெறும்பியர்க் கட்சியின் பெரும்படை, பதிப்பியலில் பலரும் ஒப்பும் ஒரு விதி: கடினமான பாடமே மூலப்பாடம். படியெடுப்பவர் விளங்காத சொல்லை விளங்குகிற சொல்லாக மாற்றுவார். விளங்குகிறதை யாரும் வேண்டுமென்று சிக்கலாக்க மாட்டார். பொத்துவிலில் ஐந்து நேரமும் தொழுகிற ஒரு குடும்பத்துக் குசினியில் பியர் என்பதைவிடக் கடினமான பாடம் உலகில் உண்டா? இல்லை. ஆகவே அதுவே மூலம். இந்த வாதத்தின் அழகைக் கண்டு இஞ்சிக் கட்சியினரே சிறிது நேரம் பேசாமல் இருந்தனர் (குசினி வாய்மொழி, முதல் அமர்வு).

வெறும்பியர்க் கட்சிக்கு வேறு துணையும் உண்டு. கறுத்த ஸ்டவுட் பியரில் வரும் சொக்லேட் வாடை சொக்லேட்டால் வருவதல்ல. வாற்கோதுமையைக் கருக வறுப்பதால் வருவது. கொக்கோவோடு அது சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும் என்பது சுட்டவர்கள் அனுபவம். இலங்கைக்கும் பியர் புதிதல்ல. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி அங்கே பியர் வடித்ததாகச் சொல்லப்படும் சாமுவேல் பேக்கர், பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனார். மூலம் தேடும் புத்தி அவருக்கு எங்கிருந்து பற்றியது என்பதை ஊகிக்கும் பொறுப்பை வாசகரிடம் விடுகிறோம்.

இஞ்சிக் கட்சி திருப்பிக் கொடுத்தது கணக்கால். லயன் ஸ்டவுட் பெரிய போத்தல் 625 மில்லிலீட்டர். மூன்று கப் மாவுக்குத் தேவை அதில் பாதிக்குச் சற்றுக் கூட. ‘ஒரு போத்தல்’ என்பதை அப்படியே ஊற்றினால் வருவது பாணல்ல, கஞ்சி. அடுத்து வேதியியல். கள்ளு விட்டுக் கரைத்த அப்ப மாவைப் பொங்க வைப்பது கள்ளிலுள்ள உயிருள்ள ஈஸ்ட். கடையில் வாங்கும் போத்தல் பியரிலோ ஈஸ்டைப் பெரும்பாலும் வடித்து நீக்கியிருப்பார்கள். அங்கே பாணை எழுப்புவது பேக்கிங் பவுடரும் போத்தலில் அடைத்த வாயுவும்தான். அந்த வாயு யானை மார்க் ஜிஞ்சர் பியரிலும் இருக்கிறது. அந்தப் போத்தல் பௌர்ணமிப் போயா தினத்திலும் கிடைக்கிறது. வெறும்பியர்ப் பாடத்தை ஏற்றால் மாதம் ஒரு நாள் மதுக்கடை பூட்டு. நிலாவைப் பார்த்துவிட்டு மா அரிக்க வேண்டிவரும்.

‘சூட்டில் சாராயச் சத்து பறந்துவிடும்தானே’ என்றும் ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டது. 78 பாகையில் அது கொதிக்கும் என்பது உண்மை. முழுதும் போய்விடும் என்பது உண்மையல்ல. ஒரு மணி நேரம் வெந்த பின்னும் நாலில் ஒரு பங்கு தங்கும் என்கிறது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணை. இந்த முடிவுக்கு வர பொத்துவில் உம்மாமாருக்கு அட்டவணை தேவைப்படவில்லை (குசினி வாய்மொழி, இரண்டாம் அமர்வு; கூறியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையே சான்றாகக் கொண்டோம்).

கணக்கும் வேதியியலும் வெளிச்சான்றுகள். அகச்சான்று கறையிலேயே இருக்க வேண்டும். கறையின் அகலத்தில் ‘ஜிஞ்சர்’ கொள்ளுமா? அதே கை மேல்வரியில் எழுதிய ‘பவுடர்’ என்ற சொல்லை நூலால் அளந்து, அந்நூலைக் கறைமேல் வைத்தோம். கொள்கிறது. ஆனால் ‘குளிர்ந்த’ என்பதும் கொள்கிறது. ‘கறுத்த’ என்பதும் கொள்கிறது. கொஞ்சம் நெருக்கி எழுதினால் ‘வேண்டுமென்றால்’ என்பதும் கொள்கிறது. பிறகு கறையின் நிறம். நடுவில் கபிலம், ஓரத்தில் மஞ்சள் படர்ந்த கபிலம். இது கொக்கோக் கறை, சமைக்கும்போது விழுந்தது, ஆகவே ஏடு வெறும் குறிப்பல்ல, புழக்கத்தில் இருந்த பிரதி என்ற நம் முடிவு இத்துறையில் ஒரு மைல்கல் (கறையியல் குறிப்புகள், கொப்பியின் நடுப்பக்கம், பிள்ளை விமானம் செய்யக் கிழித்தது போக மீதி).

இதைக் கேட்டுச் சிரிப்போருக்கு ஒரு வார்த்தை. செல்லரித்த சுவடிகளை வைத்துக்கொண்டுதான் 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தார்கள். நம் கரையில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன ஒரு வாத்தியத்தையே கணக்கிட்டு மீட்டு 1947இல் யாழ் நூல் தந்தார். செல்லரித்த ஏடு என்றால் எழுந்து நிற்கிற பேராசிரியர்கள், குழம்பு சிந்திய ஏடு என்றால் மூக்கைப் பொத்துகிறார்கள். இவர்கள் நடத்தும் உணவு மரபுக் கருத்தரங்குகளுக்குப் பகல் சாப்பாடு கடையிலிருந்து பார்சலாக வரும். நன்றியுரையில் தட்டச்சு செய்தவருக்குப் பெயர் உண்டு. சமையலைச் சொல்லிக் கொடுத்தவர் ‘ஒரு மூதாட்டி’.

இரண்டு பாடங்களையும் சுட்டுத் தின்று பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்டார்கள். சுடுவது பதிப்பாசிரியர் வேலையல்ல. எனினும் இஞ்சிக் கட்சி பொறுமை இழந்து சுட்டது. மா, கொக்கோ, சீனி, பவுடரைச் சேர்த்து அரித்து, ஜிஞ்சர் பியரை ஊற்றியதும் சட்டி சீறிக் கபில நுரை எழும்பியது. பிசையக் கூடாது, அகப்பையால் நாலு சுற்று, அவ்வளவே. அதற்குமேல் கிண்டினால் நுரை செத்துவிடும். அவண் இல்லை. பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, தட்டை அதன்மேல் இறக்கி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் கொட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் மேலே வெடிப்பு விழுந்து, ஈர்க்குக் குத்தினால் ஒட்டாமல் வந்தது. தொண்டையில் இஞ்சி மெல்லக் காந்த, கொக்கோவின் கைப்பு அதன் பின்னால் வந்தது. நன்றாகவே இருந்தது. நன்றாக இருப்பது பாடத்துக்குச் சான்றாகாது என்று வெறும்பியர்க் கட்சி நாலாவது துண்டை எடுத்தபடி மறுத்தது.

எஞ்சியது ஒரே வழி: எழுதியவரைக் கேட்பது. ஆய்வுலகில் இவ்வழிக்கு நல்ல பெயர் இல்லை. நூலாசிரியரே வந்து பொருள் சொல்லத் தொடங்கினால் உரையாசிரியர்கள் எங்கே போவார்கள்? இருந்தும் முழுமை கருதி ஏட்டோடு பஸ் ஏறிப் போய் அவருடைய கூற்றைப் பதிவு செய்தோம் (பொத்துவில், குசினி வாசற்படி, அஸருக்குப் பின்; முதற்பகுதி ஆடு கத்தியதில் கேட்கவில்லை; சூன் பாண் ஓட்டோ பீத்தோவன் இசையோடு கடந்து போகும்வரை பேச்சு நின்றது; பிறகு ராத்தா கறையை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்து, “கொக்கோவா? இது மீன் ஆணம் தம்பி” என்றது, “ஜிஞ்சர் பியர் எண்டுதான் எழுதின, பெருநாளைக்குச் சுடுறதுக்கு வேற என்னத்த எழுத?” என்றது, ஏட்டின் முன்பக்கத்தைப் புரட்டி, “அல்லாஹ், இந்த பில் இன்னும் கட்டல்ல” என்று வாங்கி உள்ளே கொண்டு போனது, ஆதலால் மூலத்தோடு ஒப்பிட இயலவில்லை). கூறியவர் இவ்விடயத்தில் நேரடித் தொடர்புடையவர். அவர் சாட்சியத்தை நடுநிலையானதாகக் கொள்ள முடியாது. ஐந்தாம் வரி திறந்த வினாவாகவே நிற்கிறது.