டிசம்பரில் நடுங்க அனுமதி கோரி ஒரு மனு

அனுப்புநர்: ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகும் ஒரு தொழிலாளி, சிப்காட் பக்கம், ஓசூர்.

பெறுநர்: பருவ அட்டவணையைக் கவனிக்கும் மேலான அதிகாரி அவர்கள், இந்திய வானிலை ஆய்வுத் துறை.

பொருள்: டிசம்பர் மாதத்தில் நடுங்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் துறையின் பருவ அட்டவணை.

ஐயா,

வணக்கம். பார்வையில் காணும் அட்டவணைப்படி குளிர்காலம் என்பது ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டே மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்த விவரம் தெரியாமல் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டார மக்கள் தலைமுறை தலைமுறையாக டிசம்பரிலேயே நடுங்கி வந்திருக்கிறோம். விதிமீறல்தான், மறுக்கவில்லை. இனிமேல் அனுமதி வாங்கிக்கொண்டுதான் நடுங்குவது என்று எங்கள் வீட்டில் தீர்மானம் போட்டிருப்பதால் இந்த மனு.

ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். எங்கள் ரேஷன் கார்டு தமிழ்நாடு; எங்கள் ரயில் நிலையமோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். குளிர் மட்டும் எந்தக் கோட்டத்திலும் சேராமல் நிற்கிறது.

தங்கள் குளிர் அலை விதிகளையும் படித்துப் பார்த்தேன். சமவெளியில் 10 டிகிரிக்கு இறங்கினால்தான் பேச்சே ஆரம்பிக்கும். கடலோர ஊர் என்றால் 15 டிகிரி போதும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி குறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, மெரினாவில் 15 வந்தால் குளிர் அலை என்று அறிவிக்க வழி உண்டு. எங்களுக்கு 13 வந்தால் ‘வறண்ட வானிலை நிலவும்’. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, 1895 டிசம்பரில் ஒரு முறை, 1905 ஜனவரியில் ஒரு முறை. அந்தச் சாதனையை எங்கள் தெருவில் பால்காரர் விடியற்காலையில் முறியடித்துவிட்டு, மிச்சச் சில்லறை கொடுக்க மறந்து போய்விடுகிறார்.

இதற்காகக் குளிர் அலை அறிவித்து விடுமுறை விடுங்கள் என்று கேட்கவில்லை. சிப்காட்டில் அப்படியொரு விடுமுறை கிடையாது. பனி பெய்தாலும் பஞ்ச் அடிக்க வேண்டும். 1987 முதல் நாட்டுக்கே டைட்டன் கைக்கடிகாரம் செய்து அனுப்புகிற ஊர் இது. எங்களுக்கு மாதம் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

குளிரால் எங்கள் குடும்பத்துக்கு ஆகும் நன்மை ஒன்று உண்டு. மற்ற மாதங்களில் ஆளுக்கொரு மூலையில் செல்போனோடு உட்கார்ந்திருப்பவர்கள், டிசம்பரில் விடிவதற்கு முன்பே கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பைச் சுற்றிக் கூடிவிடுகிறார்கள். தேங்காய் மட்டை புகையும். அண்டா மெதுவாக முனகும். தண்ணீர் சூடேறும் முன் அரசியல் சூடேறிவிடும்.

மாமனார் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ராகி அறுவடை முடியும்வரை பாதி இரவு பரண்மேல் இருப்பார். பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாக வருகிற யானைகளுக்குத் தீப்பந்தத்தோடு வரவேற்பு. வீட்டுக்கு வந்தால் குல்லாவுக்கும் மஃப்ளருக்கும் நடுவிலிருந்து ராஜாஜியைத்தான் பேசுவார். ராஜாஜி இங்கே தொரப்பள்ளியில் பிறந்தவர், 1878 டிசம்பர் 10-ஆம் தேதி. தங்கள் அட்டவணைப்படி பருவமழையில் பிறந்தவர் என்று நான் எடுத்துச் சொன்னதற்கு, இரண்டு நாள் மாமனார் என்னோடு பேசவில்லை. “ஓசூர்ல படிச்சிட்டு பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போன மனுசன்யா, உன் பொண்ணு மாதிரியே” என்பது அவர் கட்சி.

பெண்ணுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவள் கட்சி மெட்ரோ. 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மஞ்சள் பாதை திறந்து, ரயில் பொம்மசந்திரா வரை வந்து நிற்கிறது. அங்கிருந்து ஓசூருக்கு நீட்டுவது பற்றி இரண்டு மாநிலங்களும் கடிதம் எழுதிக்கொள்கின்றன. அதுவரை அவள் பனிமூட்டத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். 50 மீட்டருக்குள் கண் தெரியாவிட்டால் அது மிக அடர்ந்த மூடுபனி என்று தாங்கள் வகுத்திருக்கிறீர்கள். அவள் வகுத்திருப்பது வேறு: பஸ்ஸின் போர்டு தமிழா கன்னடமா என்று தெரியாவிட்டால் அடர்ந்த மூடுபனி, பஸ்ஸே தெரியாவிட்டால் அன்றைக்கு லீவு.

மைத்துனனுக்கு விமான நிலையம். 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் புதிதாக வேறொன்று கூடாது என்று ஒரு பிரிவு. வட்டத்துக்குள் நாங்கள் இருக்கிறோம். ஐயா, விமானத்துக்கு வட்டம் போட்டார்கள், ஒத்துக்கொள்கிறோம். பெங்களூரின் குளிருக்கும் அப்படியொரு வட்டம் போட்டிருந்தால் இந்த மனுவுக்கே வேலையில்லை.

மைத்துனனின் உண்மையான ஆர்வம் எருது விடுவதில். தை பிறந்தால் இந்த மாவட்டத்தில் அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது. 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதற்குத் தேசிய நெடுஞ்சாலையே நின்றுபோனது தங்களுக்கும் நினைவிருக்கலாம். இரவில் காளைக்குக் கோணிச் சாக்கு, அதன்மேல் கம்பளி. அந்தக் கம்பளி என்னுடையது. காளையின் கொம்பில் கட்டுகிற தட்டியில் எந்தத் தலைவர் படம் வைப்பது என்பதில் ஆண்டுதோறும் சண்டை. போன தேர்தலுக்கு முன் ஒருவர், பின் ஒருவர். காளைக்கு மட்டும் கட்சி மாறிய விஷயம் தெரியாது. ஓடி முடித்ததும் தட்டியை யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

என் மனைவி எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வாள்: “கவர்மெண்டு அப்புறம் வரட்டும், மட்டையத் தள்ளி விடுங்க.”

சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றும் இருக்கிறது. கொழுந்தியாள் பாகலூரில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறாள், தாஜ்மஹால் ரகம். பிப்ரவரி 14-க்குப் பூ வெளிநாடு போக வேண்டுமென்றால் டிசம்பரிலேயே கவாத்து செய்தாக வேண்டும். அதிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருப்பாள். குளிர் கூடினால் மொட்டு விரிய நாள் பிடிக்கும். பனியில் ஈரம் தங்கினால் இலையில் பூஞ்சை. மூன்று நாள் பிந்தினால் அந்தப் பூ காதலுக்கு ஆகாது, உள்ளூர் மாலைக்குத்தான். எவ்வளவு மழை வரும் என்று அவளுக்கு டிசம்பரில் யாரும் சொல்லத் தேவையில்லை. விடியற்காலை 12-ஆ 15-ஆ என்று சொன்னால் போதும். உறைபனி எச்சரிக்கை வருகிறபோது நீலகிரியையும் கொடைக்கானலையும் கேட்கிறோம். அப்படியே கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பக் கூடாதா?

பழந்தமிழர் ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கென்றே ஒதுக்கியவர்கள்: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. பின்பனியைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மார்கழியை மட்டும், ஓசூருக்கு மட்டுமாவது, குளிர்காலத்தில் சேர்த்து ஓர் ஆணை பிறப்பித்து உதவும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை பிப்ரவரி மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். மார்ச் 1 முதல் தங்கள் கணக்கில் கோடை. அதன்பிறகு இதே முகவரியிலிருந்து தண்ணீர் கேட்டு வேறு துறைக்கு எழுதிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அனுமதியின்றி நடுங்குபவன்.